விருந்து மேசையும் கறைபட்ட சுவரும்
நார்மன் ராக்வெல் என்னும் இதழோவியர்: ஒரு மதிப்பீடு

பிறர் கேட்டதை வரைந்து கொடுத்துக் கூலி பெறும் ஒருவரைக் கலைஞர் என்று சொல்லத் தகுமா? கேள்வி பழையது. உரோமையின் ஆலயச் சுவர்களிலும் விதானங்களிலும் வண்ணம் தீட்டியவர்கள், திருத்தந்தையரும் துறவு மடங்களும் கேட்டதையே தீட்டினார்கள். அதனால் அவர்களுடைய கலையை இன்று எவரும் தாழ்த்திப் பேசுவதில்லை. ஆனால், திருத்தந்தையின் இடத்தில் ஒரு வார இதழின் ஆசிரியரும், விதானத்தின் இடத்தில் ஓர் அட்டைத்தாளும் வந்தபோது, அறிஞர் உலகம் தன் தராசை மாற்றிக்கொண்டது. அட்டைப்படம் வரைகிறவர் தொழிலாளி; ஓவியக் கூடத்தில் தொங்கவிடுகிறவரே கலைஞர் என்னும் பாகுபாடு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது.

அந்தப் பாகுபாட்டினால் மிகுதியாகப் புகழப்பட்டவரும் மிகுதியாக இகழப்பட்டவரும் ஒருவரே. அவர் நார்மன் ராக்வெல். பொதுமக்கள் அவருடைய படங்களைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். திறனாய்வாளர்கள் அவருடைய பெயரையே இனிப்புப் பண்டத்திற்கு மறுபெயராக்கினார்கள். இரு சாராருமே அவரை முழுமையாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். அவருடைய ஓவிய வாழ்வை முதலிலிருந்து இறுதிவரை வரிசையாக நோக்கும்போது, கலையைப் பற்றிய கேள்வி மெல்ல மனச்சான்றைப் பற்றிய கேள்வியாக மாறுவதைக் காணலாம். அந்த மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

கூலிக்கு வரைந்தவர்

ராக்வெல் 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஓவியம் கற்கச் சென்றவர் அவர். ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்னும் புகழ்பெற்ற கலைக்கூடத்தில், மனித உடலமைப்பை ஜார்ஜ் பிரிட்ஜ்மனிடமும், கதைக்குப் படம் வரையும் கலையைத் தாமஸ் ஃபோகர்டியிடமும் பயின்றார். பத்தொன்பது வயதிலேயே சாரணச் சிறுவர்களுக்கான ‘பாய்ஸ் லைஃப்’ இதழின் ஓவிய ஆசிரியரானார். 1916ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், இருபத்திரண்டு வயதில், ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழில் அவருடைய முதல் அட்டைப்படம் வெளிவந்தது. விறைப்பான உடையும் தொப்பியும் அணிந்த ஒரு சிறுவன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். அவனுடைய சட்டைப் பையில் பால் புட்டி. பேஸ்பால் ஆடப் புறப்பட்ட இரு நண்பர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். வேறொன்றும் இல்லை. ஆயினும், ஒரே பார்வையில் ஒரு முழுக் கதையும் விளங்கிவிடுகிறது.

அன்று தொடங்கி 1963 வரை, நாற்பத்தேழு ஆண்டுகளில் 320க்கும் மேற்பட்ட அட்டைப்படங்களை அவர் அந்த ஓர் இதழுக்கே வரைந்தார். தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழையாத காலம் அது. 1940களில் ‘போஸ்ட்’ இதழ் வாரந்தோறும் 30 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஒரு படி ஒரு குடும்பத்தில் பலர் கைக்கும் போகும். ஆகவே, தம் படத்தை அந்த அளவுக்கு மக்கள் பார்க்கும் வாய்ப்பு அந்நாளில் எந்தக் கலைக்கூட ஓவியருக்கும் கிடைத்ததில்லை எனலாம்.

இந்த வாய்ப்புக்கு ஒரு விலையும் இருந்தது. கடைத்தெருவில் விரைந்து நடப்பவன் ஒரு கணம் நின்று பார்த்தாலே படம் அவனுக்குப் புரிய வேண்டும். நகைப்போ நெகிழ்ச்சியோ அந்தக் கணத்திலேயே பிறக்க வேண்டும். எவரையும் புண்படுத்தக் கூடாது. விளம்பரம் தருவோரை முகம் சுளிக்க வைக்கவும் கூடாது. இந்த வேலிகளுக்குள் நின்றுதான் ராக்வெல் தம் கலையை வளர்த்துக்கொண்டார். வேலிகள் அவருக்குக் கற்றுக்கொடுத்தவை பல. அவை அவரிடமிருந்து பறித்துக்கொண்டதும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு படம் உருவாகும் வகை

அவர் எளிதாக வரைந்து தள்ளியவர் அல்லர். முதலில் கைப்பிடி அளவில் ஒரு கிறுக்கல். பிறகு அதற்கேற்ற மனிதர்களைத் தேடுவார். 1930களின் பிற்பகுதியிலிருந்து ஒளிப்படத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். 1939இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஆர்லிங்டன் என்னும் சிற்றூரில் குடியேறிய பின்பு, அவ்வூரின் உழவரும் கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளுமே அவருடைய மாதிரிகள் ஆனார்கள். ஒவ்வொரு முகபாவத்தையும் தாமே நடித்துக் காட்டி, அவர்களை நடிக்க வைத்துப் படம் எடுக்கச் செய்வார். அப்படங்களிலிருந்து வேண்டியதைத் தேர்ந்து, முழு அளவில் கரிக்கோல் ஓவியம் தீட்டி, வண்ண வரைவு ஒன்றும் செய்து பார்த்த பின்னரே, எண்ணெய் வண்ணத்தில் கடைசிப் படத்தை எழுதத் தொடங்குவார். நாடக இயக்குநர் ஒருவரின் உழைப்புக்கு இது ஒப்பாகும்.

இந்த உழைப்பின் பயனை இரு படங்களில் பார்க்கலாம்.

ஒன்று, 1954 செப்டம்பர் 25ஆம் நாள் வெளிவந்த ‘வீட்டைப் பிரிதல்’. கல்லூரிக்குப் புறப்படும் மகனும், உழவராகிய தந்தையும், பழைய வண்டியின் படியில் அருகருகே அமர்ந்து தொடர்வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். புதிய உடை அணிந்த மகனின் கண்கள், வண்டி வரும் திசையை ஆவலோடு நோக்குகின்றன. தந்தை எதிர்த்திசையில் தலை கவிழ்ந்திருக்கிறார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை; ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. ஆனால், தந்தையின் கைகளைப் பாருங்கள். தம் தொப்பியோடு மகனுடைய தொப்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டு நாய் மகனுடைய மடியில் முகம் புதைத்திருக்கிறது. தந்தையால் வெளியே காட்ட முடியாத துயரத்தை அந்த நாய் காட்டிவிடுகிறது. ராக்வெலின் மூன்று புதல்வர்களும் வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. மலிவான கண்ணீருக்கு இடமளிக்கக்கூடிய பொருள்தான். எனினும் படத்தில் ஒருவரும் அழவில்லை.

மற்றொன்று, 1951 நவம்பர் 24ஆம் நாள் வந்த ‘உணவுக்கு முன் செபம்’. தொடர்வண்டி நிலையத்தை அடுத்த ஓர் எளிய உணவகம். ஒரு மூதாட்டியும் ஒரு சிறுவனும் தலைகுனிந்து செபிக்கிறார்கள். இடநெருக்கடியால் அதே மேசையில் அமர்ந்துள்ள இரு இளைஞர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள். ஒருவனுடைய உதட்டில் சிகரெட் தொங்குகிறது. சுற்றியுள்ளவர்களும் பார்க்கிறார்கள். பக்திப் படங்களில் நாம் காணும் வானொளி இங்கு இல்லை. புகை படிந்த சன்னலின் வழியே தண்டவாளங்களும் பெட்டிகளும் தெரிகின்றன. செபிப்போரின் முகங்களை ஓவியர் நமக்குத் தெளிவாகக் காட்டவும் இல்லை. செபிக்காதவர்களின் முகங்களே முழுமையாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றில் ஏளனம் இல்லை, பக்தியும் இல்லை. மறந்துபோன ஒன்றைத் திடீரென எதிரில் கண்டவர்களின் சிறு தடுமாற்றமே இருக்கிறது. ஆகவே இப்படத்தின் பொருள் செபம் என்பதைவிட, செபத்தின் முன் மற்றவர் கொள்ளும் மௌனம் என்பதே பொருந்தும். 1955இல் இதழின் வாசகர்கள் இதையே தங்கள் மனத்துக்கு மிகவும் உகந்த படமாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில காசுகளுக்கு விற்ற இதழுக்காக வரைந்த அந்த மூலப்படம், 2013இல் 4 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நான்கு உரிமைகள்

ராக்வெலின் புகழை உச்சிக்கு ஏற்றியது இரண்டாம் உலகப் போர். 1941 ஜனவரி 6ஆம் நாள், அதிபர் ரூஸ்வெல்ட் தம் உரையில் நான்கு உரிமைகளை உலக மாந்தர் அனைவருக்கும் உரியவை என அறிவித்தார்: பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. இவற்றை ஓவியமாக்கித் தர ராக்வெல் அரசிடம் சென்றார். அரசு அலுவலகம் ஏற்கவில்லை. ‘போஸ்ட்’ ஆசிரியர் பென் ஹிப்ஸ் ஏற்றார். 1943 பிப்ரவரி 20 முதல் மார்ச் 13 வரை நான்கு வாரங்களில் நான்கு படங்களும் வெளிவந்தன. பின்னர் அவை நகர் நகராகக் காட்சிக்கு வைக்கப்பட்டு, போர்க்கடன் பத்திர விற்பனை வழியே 13 கோடி டாலருக்கும் மேல் திரட்ட உதவின.

நான்கும் சமமானவை அல்ல. முதல் படம் சிறந்தது. ஊர்க்கூட்டத்தில், கசங்கிய சட்டை அணிந்த உழைப்பாளி ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார். கோட்டு அணிந்த மேலோர் அவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரு சிற்றூரின் உண்மையான வழக்கத்திலிருந்து பிறந்த படமாதலால் அதில் உயிர் இருக்கிறது.

வழிபாட்டுரிமையைக் குறித்த படம் வேறுவகை. முடிதிருத்தகம் ஒன்றில் பல்வேறு சமயத்தார் கூடியிருப்பதாக முதலில் வரையத் தொடங்கிய ராக்வெல், அது கேலிச்சித்திரம்போல் ஆகிவிடுமோ என்று அதைக் கைவிட்டார். இறுதிப் படத்தில், செபிக்கும் முகங்களும் குவிந்த கரங்களும் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு பெண்ணின் கையில் செபமாலையும் உண்டு. அவரவர் மனச்சான்றின் வழியே வழிபடலாம் என்னும் கருத்து படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. படம் தானே சொல்ல முடியாததை எழுத்து சொல்ல வேண்டியிருந்தது என்பதே அதன் குறை. முகங்கள் அழகியவை, ஆனால் அவை யாரோடும் உறவு கொள்ளவில்லை. உணவகத்து மூதாட்டியின் செபத்தில் உள்ள உண்மை இங்கு இல்லை. கறுப்பின முகங்கள் படத்தின் ஓரத்திற்கு ஒதுக்கப்பட்டிருப்பதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

நான்காவது படத்தில், உறங்கும் பிள்ளைகளின் அருகே பெற்றோர் நிற்கிறார்கள். தந்தையின் கையில் குண்டுவீச்சுச் செய்தி தாங்கிய நாளிதழ். தம் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பதில் கொள்ளும் நிறைவு, குண்டுமழைக்கு இலக்கானோரை எண்ணும்போது தற்பெருமையாகிவிடாதா? ராக்வெலுக்கே இப்படத்தில் முழு நிறைவு இருந்ததில்லை.

மேசையில் இடம்பெறாதோர்

எல்லாரும் அறிந்த படம் மூன்றாவதுதான். மார்ச் 6ஆம் நாள் வெளியான ‘வறுமையிலிருந்து விடுதலை’. வெள்ளை விரிப்பிட்ட நீண்ட மேசை. முதியவள் வான்கோழி வைத்த பெரிய தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள். முதியவர் பின்னால் நிற்கிறார். இருபுறமும் மலர்ந்த முகங்கள். விரிப்பின் வெண்மையின் மேல் தட்டுகளின் வெண்மை, அதன் மேல் கண்ணாடிக் குவளைகளில் தண்ணீரின் ஒளி. வெண்மையின் மேல் வெண்மை தீட்டிய அந்தக் கைத்திறன் வியக்கத்தக்கது. படத்தின் மூலையிலிருந்து ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். நம்மையும் பந்தியில் சேர்த்துக்கொள்வதுபோல.

ஆனால், அந்தப் பந்தி யாருடையது? இப்படத்தோடு அதே இதழில் வெளியான கட்டுரையை எழுதியவர் கார்லோஸ் புலோசான். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 1930இல் கூலி வேலைக்கு வந்தவர். வயல்களில் உழைத்து அலைந்தவர். அமெரிக்கரின் மேசைக்கு உணவு விளைவித்த அவருடைய இனத்தார், 1946 வரை அந்நாட்டின் குடியுரிமை கேட்கவும் தகுதியற்றவர்களாக இருந்தார்கள். விளைவித்தவர்களுக்கு விளைச்சலில் பங்கு எங்கே என்பதே அவர் எழுத்தின் உட்பொருள். எதிரெதிரே வைக்கப்பட்ட அந்தப் படமும் அந்தக் கட்டுரையும் ஒன்றையொன்று கேள்வி கேட்கின்றன. மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் அனைவரும் வெள்ளையர்.

இது தற்செயல் அன்று. இதழின் பழைய ஆசிரியர் ஜார்ஜ் ஹோரஸ் லோரிமர், கறுப்பினத்தவரைப் பணியாளராக அன்றி வேறு எவ்வகையிலும் படத்தில் காட்டக் கூடாது எனத் தமக்குச் சொல்லியிருந்ததாக ராக்வெல் தம் முதுமையில் வெளிப்படையாகக் கூறினார். 1946 டிசம்பர் 7ஆம் நாள் அட்டைப்படம் ஒன்று உண்டு. தொடர்வண்டியின் உணவுப் பெட்டியில், முதன்முறையாகத் தனியே உண்டு, பணம் எண்ணத் தெரியாமல் விழிக்கும் வெள்ளைச் சிறுவன். அருகில் கனிவோடு காத்து நிற்கும் கறுப்பினப் பணியாளர். பணியாளரின் முகம் மிகுந்த மதிப்போடு தீட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். ஓவியரின் அன்பு அந்த முகத்தில் தெரிகிறது. இதழின் விதி அந்த நிற்பில் தெரிகிறது.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ராக்வெல் அந்த விதியை அறியாதவர் அல்லர். அறிந்தே அதற்குள் நின்று வரைந்தார். ஊதியமும் புகழும் அங்கிருந்து வந்தன. 1939இலேயே திறனாய்வாளர் கிளமென்ட் கிரீன்பர்க் தம் கட்டுரையில், பிராக்கின் ஓவியத்துக்கு எதிர்முனையாக ‘போஸ்ட்’ இதழின் அட்டைப்படத்தை வைத்துக் காட்டினார். எளிதில் செரிக்கக்கூடியது என்பதே அவ்வகைக் கலையின் மீது சாட்டப்பட்ட குற்றம். என் நோக்கில் குறை அதுவன்று. எளிமை கலைக்குப் பகையாகாது. ஒரு நாட்டின் முகம் இதுதான் என்று வாரந்தோறும் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் காட்டிய படங்கள், அந்நாட்டு மக்களில் ஒரு பெரும் பகுதியினரைக் காட்டாமலே விட்டன. குறை அங்கேதான் இருக்கிறது.

அப்படங்கள் காட்டிய இன்ப இல்லம் ராக்வெலுக்கே வாய்க்கவில்லை. அவருடைய துணைவி மேரி மனநோயால் நெடுங்காலம் துன்புற்றார். அவருடைய சிகிச்சைக்காகவே 1953இல் குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜ் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ராக்வெலும் அங்கே உளவியல் அறிஞர் எரிக் எரிக்சனிடம் சிகிச்சை பெற்றார். 1959இல் மேரி காலமானார். 1961 ஏப்ரல் 1ஆம் நாள் ‘பொன்விதி’ வெளிவந்தது. பல இனத்தாரும் சமயத்தாரும் நெருங்கி நிற்கும் படம் அது. மலைப்பொழிவில் நாம் கேட்கும் அந்த நெறி, எல்லாச் சமயங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது என்பதே அதன் கருத்து. அக்கூட்டத்தின் ஓரத்தில், தாம் காணாமலே மறைந்த பேரக் குழந்தையை ஏந்தியவராக மேரியையும் அவர் சேர்த்திருக்கிறார். படத்தின் பெரிய கருத்தைக் காட்டிலும் அந்தச் சிறிய மூலையே நெஞ்சைத் தொடுகிறது. 1985இல் இது கல்லோவியமாக்கப்பட்டு ஐக்கிய நாடுகள் அவைக்கு வழங்கப்பட்டது. ஓவியமாக நோக்கின், வழிபாட்டுரிமைப் படத்தின் குறை இதிலும் உண்டு: முகங்களின் தொகுப்பு, நிகழ்ச்சி இல்லை. ஆயினும், முன்னர் ஓரத்தில் நின்றவர்கள் இங்கே நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

சுவரோரம் நடந்த சிறுமி

தம் இறுதி ஆண்டுகளில் ‘போஸ்ட்’ ராக்வெலிடம் பெரும்பாலும் தலைவர்களின் உருவப்படங்களையே கேட்டது. 1963 ஜனவரி 19ஆம் நாள் இதழின் அட்டையில் நம் பிரதமர் நேருவின் முகத்தை வரைந்தவரும் அவரே. அவ்வாண்டோடு அந்த உறவு முடிந்தது. எழுபதாம் அகவையை நெருங்கிய ஓவியர், ‘லுக்’ இதழில் சேர்ந்தார். 1964 ஜனவரி 14ஆம் நாள், அவ்விதழின் இரு பக்கங்களை நிறைத்து ‘நாம் எல்லாரும் சுமக்கும் சிக்கல்’ என்ற படம் வெளிவந்தது.

1960 நவம்பர் 14ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்கு, ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே பயின்ற அப்பள்ளியின் முதல் கறுப்பின மாணவியாகச் சென்றாள். தெருவில் வசைபாடும் கூட்டம். நடுவண் அரசின் காவல் அலுவலர்கள் அவளை அழைத்துச் சென்றார்கள். ராக்வெல் இந்நிகழ்ச்சியை எப்படிக் காட்டுகிறார்? அலுவலர் நால்வரின் தலைகளும் படச்சட்டத்தால் வெட்டப்பட்டுள்ளன. தோளிலிருந்து கீழேதான் தெரிகிறார்கள். நம் பார்வை அச்சிறுமியின் உயரத்திற்கு இறங்கிவிடுகிறது. அவள் வெள்ளை உடை உடுத்தி, புத்தகமும் அளவுகோலும் ஏந்தி நிமிர்ந்து நடக்கிறாள். பின்னால் உள்ள சுவரில் இழிசொல் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. எறியப்பட்ட தக்காளி சிதறி, குருதிபோல் வழிந்திருக்கிறது.

கூட்டம் எங்கே? படத்தில் இல்லை. தக்காளி வந்த திசையில், கூட்டம் நின்ற இடத்தில், இப்போது நாம் நிற்கிறோம். விருந்துப் படத்தில் மூலையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து நம்மைப் பந்திக்கு அழைத்தார். இங்கே எவரும் நம்மைப் பார்க்கவில்லை. பார்ப்பது நாம், பார்க்கும் இடமே நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அதே ஓவியர், அதே துல்லியம், அதே ஒரே பார்வையில் விளங்கும் கதை. அட்டைப்படத் தொழிலின் வேலிகள் கற்றுக்கொடுத்த அனைத்தும் இங்கே வேறொரு பணிக்கு வந்துவிட்டன. இதழுக்கு வந்த வாசகர் கடிதங்களில் பாராட்டும் இருந்தது; வசையும் இருந்தது.

இந்நகரைப் பற்றிக் கத்தோலிக்கராகிய நாம் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல், இனப் பிரிவினை பாவம் என்று 1956இலேயே மேய்ப்புப்பணி மடல் எழுதினார். ஆயினும், அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகளின் கதவுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறந்தது 1962இல்தான். அரசுப் பள்ளிக்கு ரூபி நடந்து சென்று ஈராண்டு கழிந்த பின். எதிர்த்து நின்ற கத்தோலிக்கர் மூவரைப் பேராயர் திருச்சபையிலிருந்து விலக்கவும் வேண்டியிருந்தது. உண்மையை அறிவதற்கும் அதன்படி செய்வதற்கும் இடையே உள்ள இடைவெளி ஓவியருக்கு மட்டும் உரியதன்று.

முடிக்கப்படாத படம்

1964 ஜூன் 21ஆம் நாள் இரவு, மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜேம்ஸ் சேனி கறுப்பினத்தவர். கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றவர். ஆண்ட்ரூ குட்மனும் மைக்கேல் ஷ்வர்னரும் யூதர்கள். 44 நாள்களுக்குப் பின்னரே அவர்களுடைய உடல்கள் ஓர் மண் அணைக்கடியில் கண்டெடுக்கப்பட்டன. இதனை வரைய ராக்வெல் எடுத்துக்கொண்ட உழைப்பு மிகப் பெரிது. 1965 ஜூன் 29ஆம் நாள் ‘லுக்’ இதழில் படம் வெளிவந்தது.

தரையில் ஒருவர் வீழ்ந்து கிடக்கிறார். சாய்ந்து விழும் சேனியை ஷ்வர்னர் தாங்கி நிற்கிறார். கொலைஞர்கள் படத்தில் இல்லை. அவர்களுடைய நிழல்கள் மட்டும் தரையில் நீண்டு வருகின்றன. இவ்வுருவத்திற்கு அவர் துணையாகக் கொண்டது ஒரு செய்திப்படம். 1962இல் வெனிசுவேலாவின் புவெர்ட்டோ கபெல்லோ நகரில் மூண்ட கிளர்ச்சியின்போது, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, காயமுற்ற படைவீரனை அருள்தந்தை ஒருவர் தாங்கிப் பிடித்திருந்தார். எக்டர் ரொந்தோன் எடுத்த அந்தப் படம் புலிட்சர் பரிசு பெற்றது. குருவின் கரங்கள், ஓவியத்தில் ஒரு யூத இளைஞனின் கரங்களாயின. அதற்கும் பின்னால், இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னையின் வடிவம் நம் கண்ணுக்குத் தெரியாமல் இராது. ராக்வெலுக்கு இத்தகைய மரபு புதிதன்று. 1943 மே 29ஆம் நாள் அட்டையில், போர்த் தொழிற்சாலைப் பெண்ணான ரோசியை, சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய இறைவாக்கினர் எசாயாவின் தோற்றத்தில் அமர்த்தி, தலைக்கு மேல் மெல்லிய ஒளிவட்டமும் இட்டிருந்தார். அங்கே அந்த மரபு ஒரு புன்னகைக்காக வந்தது; இங்கே துயரத்தின் பாரத்தைத் தாங்க வந்தது.

இதில் திறனாய்வாளருக்கு ஒரு பெரிய பாடம் உண்டு. அச்சில் வந்தது முடிக்கப்பட்ட ஓவியம் அன்று. அதற்கு முன்னோடியாக அவர் விரைந்து தீட்டிய வண்ண வரைவே வந்தது. இதழின் கலை இயக்குநர் ஆலன் ஹர்ல்பர்ட் அதைத் தேர்ந்தார், ராக்வெலும் இசைந்தார். இரண்டையும் ஒப்பிடுவோர் அம்முடிவின் நேர்மையை உணர்வர். முழு ஓவியத்தில் முகங்கள் தெளிவாக உள்ளன. உடைகளின் மடிப்புகள் துல்லியமாக உள்ளன. ஆனால் சினம் ஆறிவிட்டது. வரைவில் தூரிகை நடுங்குகிறது. முகங்கள் அரைகுறையாகக் கரைந்து நிற்கின்றன. அந்த இரவின் அச்சம் அங்கேதான் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் மெருகேற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், மெருகில்லாத ஒன்றைத் தம் பெயரில் வெளியிட இசைந்தது சிறிய துறவு அன்று.

எஞ்சி நிற்பது

இளமையில் இனிப்பை வரைந்தவர் முதுமையில் மனம் திரும்பினார் என்று கதையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அது ராக்வெலுக்குச் செய்யும் நீதி ஆகாது; உண்மையும் ஆகாது. ‘வீட்டைப் பிரிதல்’ படத்துத் தந்தையின் கைகளைக் கூர்ந்து பார்த்த அதே கண்கள்தாம் ரூபியின் நடையையும் பார்த்தன. எளிய மனிதரின் மாண்பை அவர் எழுபது வயதில் கண்டுபிடிக்கவில்லை, முன்பே கண்டிருந்தார். அந்த மாண்புக்கு உரியவர்கள் யார் என்னும் வட்டத்தையே அவர் விரிவாக்கினார். அதே வேளையில், அந்த வட்டம் விரிவதற்கு நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின என்பதையும், ஓர் இதழின் வாயிலைக் கடந்த பின்னரே அது நிகழ்ந்தது என்பதையும் மறைத்துப் பாராட்டுவது முறையன்று.

1978 நவம்பர் 8ஆம் நாள், 84 வயதில், ஸ்டாக்பிரிட்ஜில் ராக்வெல் மறைந்தார். அவரை வளர்த்த இதழ்கள் அவருக்கு முன்பே மறையத் தொடங்கின: வார இதழாக நடந்த ‘போஸ்ட்’ 1969இலும், ‘லுக்’ 1971இலும் நின்றுபோயின. தொலைக்காட்சி விளம்பரங்களை ஈர்த்துக்கொண்டது. அவரை இகழ்ந்த கலையுலகமோ மெல்ல மனம் மாறியது. 2001இல் அவருடைய படங்கள் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2011இல், ரூபியின் படம் வெள்ளை மாளிகையில் சில மாதங்கள் தொங்கவிடப்பட்டது. வளர்ந்து முதிர்ந்த ரூபி பிரிட்ஜஸ், அந்நாட்டின் முதல் கறுப்பின அதிபரோடு அதன் எதிரில் நின்று பார்த்தார்.

நம் வீடுகளிலும் படங்கள் தொங்குகின்றன. திருவுருவங்கள், குடும்பப் படங்கள், நாள்காட்டிகள். அவை நமக்கு ஆறுதல் தருகின்றன; தரவும் வேண்டும். ஆறுதல் தரும் கலையை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. உணவகத்தில் தலைகுனிந்த அந்த மூதாட்டியை மறந்துவிட்டு எந்தப் பெரிய கலையைப் பேசினாலும் அது வறண்டுபோகும். எனினும், ஒரு படம் நம்மை மகிழ்விக்கும்போது, அதன் சட்டத்துக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்கும் பழக்கமும் நமக்கு வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க ராக்வெலுக்கு ஒரு வாழ்நாளில் பெரும் பகுதி தேவைப்பட்டது. கேட்ட பின்பு, தாம் கற்ற தொழில் முழுவதையும் அதற்கு விடை தேடவே செலவிட்டார். விருந்து மேசையை அவ்வளவு அழகாக வரையத் தெரிந்தவர் கறைபட்ட சுவரையும் வரைந்தார் என்பதால்தான், அவருடைய பெயர் அட்டைத்தாள்களோடு கிழிந்து மறையாமல் நிற்கிறது.